இன்னொரு செய்தித் தளம் எதற்கு என்று கேட்போருக்கு

புலம்பெயர் நாடுகளில் தமிழ்த் தன்னார்வலர்கள் ஓர் உள்ளூர்ச் செய்திப் பகிர்வுத் தளத்தைத் தொடங்க முனையும்போதெல்லாம் எழும் முதற் குரல் ஒன்றே: முகநூல் இருக்கிறது, ரெடிட் இருக்கிறது, வாட்ஸ்அப் குழுமங்கள் இருக்கின்றன, இனி இன்னொன்று எதற்கு? கேட்பவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள். பலர் கணினித் துறையிலேயே பணிபுரிபவர்கள். பெரியவனோடு மோதும் சிறியவன் அழிவான் என்பது அவர்கள் தம் அலுவலகங்களில் கற்ற பாடம். அந்தப் பாடம் இந்தத் துறையில் பலமுறை பொய்த்திருப்பதை அவர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை.

இத்தகைய தளத்தின் அமைப்பு எளியது. தான் படித்த செய்தியின் சுட்டியை ஒருவர் இடுகிறார், பிறர் வாக்களிக்கின்றனர், போதிய வாக்குப் பெற்றது முகப்புக்கு ஏறுகிறது. முகப்பில் எது நிற்கவேண்டும் என்பதை ஆசிரியர் குழுவுக்குப் பதிலாக வாசகரே முடிவு செய்கின்றனர். அமெரிக்காவில் 2004-இல் தொடங்கிய டிக் இம்முறையைப் பரப்பியது. 2005-இல் ரெடிட் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில், மயோர்க்காத் தீவிலிருந்த பல்கலைக்கழக ஆசிரியர் ரிக்கார்டோ கல்லியும் அவருடைய நண்பர் பெஞ்சமி வில்யோஸ்லாதாவும் ஸ்பானிய மொழியில் மெனேயமே என்ற தளத்தைத் திறந்தனர்.

அப்போது டிக் உலகப் புகழ் பெற்றுக்கொண்டிருந்தது. ஸ்பெயினுக்குள்ளேயே 1999 முதல் பர்ராபுந்தோ என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் நிலைபெற்றிருந்தது. எனினும் மெனேயமே நின்றது, அந்நாட்டின் முதன்மையான செய்திப் பகிர்வுத் தளமாகவும் வளர்ந்தது. டிக்கைப் பார்த்தே செய்தோம் என்பதை நிறுவனர்கள் மறைக்கவில்லை. நிரலையும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்டனர். விரும்பியவர் எடுத்துத் தம் ஊருக்கு ஒன்று அமைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. தொழில்நுட்பத்தில் புதுமை இல்லாத ஒரு நகல் எவ்வாறு நிலைத்தது? ஸ்பெயின் நாட்டு நாளேடுகள், ஸ்பெயின் நாட்டுச் சட்டங்கள், ஸ்பெயின் நாட்டுச் சண்டைகள் ஆகியவற்றுக்கு கலிபோர்னியாவில் இடமில்லை என்பதே விடை.

ஓர் எடுத்துக்காட்டு போதும். செய்திச் சுட்டிகளைத் திரட்டுவோர் நாளேட்டு உரிமையாளர்களுக்குக் கட்டணம் செலுத்தவேண்டும் என்ற சட்டத் திருத்தத்தை ஸ்பெயின் 2014-இல் நிறைவேற்றியது. அதே ஆண்டு டிசம்பர் 16 அன்று கூகுள் நிறுவனம் தன் செய்திப் பிரிவை அந்நாட்டில் மூடிவிட்டுப் போனது. திரும்பி வந்தது 2022-இல்தான். மெனேயமே பயனர்களோ, அச்சட்டத்தின் பின்னால் நின்ற நாளேடுகளின் சுட்டிகளை இடுவதில்லை என்று மறுத்துத் தம் தளத்திலேயே போராடினர். உலகப் பெருநிறுவனத்துக்கு ஒரு நாடு கணக்கேட்டில் ஒரு வரி. இலாபம் தராவிட்டால் அடித்துவிடலாம். அந்நாட்டில் வாழ்பவருக்கு அவ்வாறு அடிக்க முடியாது.

போலந்தில் விகோப் என்ற தளமும் இதே வழியில் வேரூன்றியது. டிக்கின் கதையோ வேறு. 2010 ஆகஸ்டில் தளத்தை முற்றாக மாற்றியமைத்து, வெளியீட்டு நிறுவனங்களின் செய்திகள் தாமாக வந்து விழ வழிசெய்தது. சினமுற்ற பயனர்கள் டிக்கின் முகப்பையே ரெடிட் சுட்டிகளால் நிரப்பினர். ஒருகாலத்தில் கோடிக்கணக்கான டொலர் மதிப்பிடப்பட்ட அத்தளம் 2012-இல் ஏறத்தாழ 5 இலட்சம் டொலருக்கு விலைபோனதாகச் செய்திகள் வெளிவந்தன. (2025 மார்ச்சில் அதனைத் திரும்ப வாங்கியவர்கள் யார் தெரியுமா? டிக் நிறுவனர் கெவின் ரோசும், ரெடிட் நிறுவனர்களுள் ஒருவரான அலெக்சிஸ் ஓஹானியனும்! முன்னாள் எதிரிகளே கூட்டாளிகள் ஆகும்போது 'நிலைபெற்ற போட்டியாளர்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?)

ரெடிட் இருக்கிறதே என்போர் 2023 ஜூன் மாதத்தை நினைவுகூரட்டும். வெளிச் செயலிகளுக்கு விதித்த கட்டணத்தை எதிர்த்து ஆயிரக்கணக்கான உட்குழுக்கள் கதவடைத்தன. கட்டணம் குறையவில்லை. ஊதியமின்றி அக்குழுக்களை ஆண்டுக்கணக்கில் பராமரித்தவர்களுக்குத் தம் குழுவின் மீது எந்த உரிமையும் இல்லை என்பது அன்று தெளிவாயிற்று. 2024 பெப்ரவரியில் அங்கு எழுதப்பட்டவற்றைச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்கு வழங்க கூகுளுடன் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டொலர் ஒப்பந்தம் என்று ராய்ட்டர்ஸ் அறிவித்தது. மார்ச்சில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. எழுதிய இளைஞர்களுள் எத்தனை பேரிடம் இசைவு கேட்கப்பட்டது?

கனடாவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு இன்னும் நெருக்கமான சான்று உண்டு. இணையச் செய்திச் சட்டத்துக்கு எதிர்வினையாக, முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் கனடியருக்குச் செய்திச் சுட்டிகள் தெரியாதபடி மெட்டா நிறுவனம் 2023 ஆகஸ்ட் முதல் தடுக்கத் தொடங்கியது. அதே மாதத்தில் வடக்கே யெலோநைஃப் நகரைக் காட்டுத்தீ நெருங்கியது. ஏறத்தாழ 20,000 மக்கள் வெளியேறவேண்டிய அந்த நாள்களில், செய்தியின் சுட்டியைப் பகிர முடியாமல் திரையைப் படம்பிடித்துப் பகிர்ந்தனர். இன்று தீ யெலோநைஃபில் என்றால், நாளை வெள்ளமோ மின்தடையோ ஸ்காபரோவில் நேரலாம். முகநூல் இருக்கிறது என்ற விடை அன்றைக்கு எவ்வளவு தூரம் உதவும்?

தமிழருக்கு இந்தத் துறை புதிதன்று. 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் திரட்டி, உலகெங்குமிருந்த தமிழ் வலைப்பதிவுகளை ஒரே முகப்பில் திரட்டியது. பின்னர் அமெரிக்காவில் இருந்த தன்னார்வலர்களின் பொறுப்பில் நடந்தது. வாரம் ஒரு நட்சத்திரப் பதிவரை முன்னிறுத்தியது, வாக்குப் பட்டையையும் தந்தது. தேன்கூடு இருந்தது. பின்னாளில் இன்ட்லி என்று பெயர் மாறிய தமிழிஷ் இருந்தது. விசைப்பலகையில் தமிழ் எழுதுவதே சாதனையாக இருந்த காலத்தில் அவை ஆற்றிய பணி சிறிதன்று. ஈழத்தவரும் தமிழகத்தவரும் மலேசியத் தமிழரும் ஒருவர் எழுத்தை ஒருவர் அன்றாடம் படித்தது அங்கேதான்.

அவை ஏன் மங்கின? முகநூல் விழுங்கிவிட்டது என்பது பாதி உண்மை. மறுபாதி கசப்பானது. வாக்கு, மொய் ஆயிற்று. நீ எனக்கு வைத்தாய், நான் உனக்கு வைக்கிறேன் என்ற கணக்கில் முகப்பு நிரம்பியபோது, மொய்க் கணக்கில் இல்லாத வாசகர் விலகினார். மெனேயமே இதே நோயை எதிர்கொண்டது. அங்கே எதிர்வாக்கு இடுபவர் காரணம் சொல்லவேண்டும்: பிழையானது, பழையது, மிகைப்படுத்தியது, ஏற்கெனவே வந்தது, விளம்பரம் என்று ஒரு பட்டியல். எப்போதும் ஒருவருக்கே வாக்களிப்போரின் வாக்குக்கு எடை குறையும்படியும் கணிப்பு அமைத்தனர். புலம்பெயர் தமிழர் கருதிப் பார்க்கவேண்டியது அந்தப் பட்டியலை. அதில் 'துரோகி' என்றொரு காரணம் இல்லை. செய்தி பிழையா என்று கேட்கலாம். இட்டவர் எந்த அணி என்று கேட்க இடமில்லை. பல தமிழ் அமைப்புகளின் கூட்டங்களில்கூட இந்த ஒழுங்கு இன்னும் வரவில்லை.

மற்றொரு குறை, பெயரிலேயே தொடங்குகிறது. தமிழர் எது தொடங்கினாலும் அது 'உலக' என்றுதான் தொடங்கும். உலகத் தமிழர் தளம், உலகத் தமிழ்ச் செய்தி, உலகத் தமிழ் இளையோர். தொடக்க விழாவுக்கு நாடாளுமன்ற உறுப்பினர் வருவார், பொன்னாடை போர்த்தப்படும். மூன்று மாதம் கழித்துத் திறந்து பார்த்தால், தளத்தின் கடைசிச் செய்தி அந்தத் தொடக்க விழாவாகவே இருக்கும். சென்னை, கொழும்பு, யாழ்ப்பாணச் செய்திகளுக்கு ஏற்கெனவே நூறு தளங்கள் உள்ளன. அந்தக் களத்தில் புதியவருக்கு வேலை இல்லை. மார்க்கத்தில் ஒரு பேருந்துத் தடம் நிறுத்தப்படுவது, பள்ளி வாரியம் தமிழ் வகுப்பின் நேரத்தை மாற்றுவது, வாடகை உயர்வுக்கு எதிராக எங்கே மனுக் கொடுப்பது, மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் கிடைப்பது எவ்வாறு – இவை ஒரே இடத்தில் தமிழில் எங்கே கிடைக்கின்றன?

வாட்ஸ்அப்பில் கிடைக்கின்றன என்பர். கிடைக்கின்றன, தேதியின்றி, மூலமின்றி, திருத்தமின்றிக் கிடைக்கின்றன. சென்ற ஆண்டின் எச்சரிக்கை இந்த ஆண்டும் 'அவசரம்' என்று சுற்றுகிறது. தவறு என்று ஒருவர் காட்டினால், அந்தத் திருத்தம் ஒரு குழுமத்தோடு நின்றுவிடுகிறது. பொய்யோ நூறு குழுமங்களைக் கடந்துபோயிருக்கும். ஒரே சுட்டி, அதன்கீழ் ஒரே விவாதம் என்ற அமைப்பில் திருத்தமும் செய்தியோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

இங்கே பெற்றோர், பிள்ளைகள் இருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரே வீட்டில் தாய் வாட்ஸ்அப்பில் ஓர் உலகத்தைப் படிக்கிறாள். மகன் ரெடிட்டில் வேறோர் உலகத்தைப் படிக்கிறான். இரவு உணவின்போது பேசுவதற்குப் பொதுவான செய்தி இல்லை. ஆங்கிலச் செய்திக்குத் தமிழில் இரண்டு வரித் தலைப்பைத் தாய் எழுதட்டும். தமிழ்க் கட்டுரைக்கு ஆங்கிலத்தில் இரண்டு வரியை மகன் எழுதட்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒப்பிக்கும் குறளைவிட, தன் பள்ளியைப் பற்றிய செய்திக்குப் பிழையின்றி ஒரு தமிழ்த் தலைப்பு வைக்க ஒரு பதின்ம வயதினர் படும்பாடு மொழியை ஆழமாகப் பதிக்கும். இதற்கு ஆசிரியர்கள் சினம் கொள்ளலாம்.

இனித் தொடங்குவோருக்கு. நிரல் எழுதுவது இதில் மிக எளிய பகுதி என்பதைத் தமிழ்ப் பொறியாளர்கள் ஒப்புக்கொள்ளவேண்டும். லெம்மி போன்ற கட்டற்ற மென்பொருள் ஆயத்தமாக இருக்கிறது. கனடா, ஆஸ்திரேலியா, பிரித்தானியா முதலிய நாடுகளுக்கெனத் தனித் தளங்களும் அதில் இயங்கத் தொடங்கின. ஆனால் ஜேர்மன் மொழியினரின் பெட்டிட் தளம் பராமரிப்பாரின்றி 2024-இல் முடங்கியது. பயனர்கள் ஆஸ்திரியாவில் ஒரு சங்கம் பொறுப்பேற்ற வேறு தளத்துக்குக் குடிபெயர நேர்ந்தது. கடவுச்சொல் ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அவர் காய்ச்சலில் படுத்த அன்று தளமும் படுக்கும். ஆகவே பதிவு பெற்ற சங்கம், மூவர் கையில் சாவி, ஆண்டுக்கொரு முறை பொதுவில் கணக்கு – இவை முதல் நாளே வேண்டும்.

வெறும் முகப்பைக் காண யாரும் மறுமுறை வருவதில்லை. ரெடிட் நிறுவனர்கள் தொடக்க நாள்களில் போலிப் பெயர்களில் தாமே சுட்டிகளை இட்டு முகப்பை நிரப்பியதைப் பின்னாளில் ஒப்புக்கொண்டனர். அண்டை வீட்டாரை நம்பி நடத்தும் ஊர்த் தளம் அந்த வழியில் தொடங்கலாகாது. அதற்கு ஈடாக, சொந்தப் பெயரில் நாளுக்கு ஒரு சுட்டி இட ஒப்புக்கொள்ளும் இருபது குடும்பங்கள் வேண்டும். ஆறு மாதத்துக்கு வேண்டும். செவ்வாய் இரவு பதினொரு மணிக்கு வரும் அவதூறை நீக்க யார் விழித்திருப்பார் என்பதும் எழுத்தில் இருக்கவேண்டும். அந்த இருபது பெயர்களும் அந்த ஒரு பெயரும் கிடைக்கும்வரை வழங்கிக்குப் பணம் கட்டவேண்டிய தேவை இல்லை. விழா மண்டபத்துக்கும் இல்லை.