டோட்டோரோவும் கைப்பிடிச்சுவர் இல்லாத கிணறும்

லீவுல பிள்ளைகளுக்கு எந்தப் படம் காட்டலாம்னு கேட்கிற டவுன் சொந்தங்களுக்கு நான் சொல்றது ஒரே படம். ஜப்பான்ல ஹயாவோ மியாசாகி 1988-ல் எடுத்த 'மை நெய்பர் டோட்டோரோ'. ஒன்றரை மணி நேரம்கூட ஓடாத கார்ட்டூன் படம். வில்லனே கிடையாது.

அம்மா ஆஸ்பத்திரியில். அப்பா இரண்டு பெண் பிள்ளைகளோட ஒரு கிராமத்துக்குக் குடிவர்றார். சின்னவள் மேய், அடி ஓட்டையான ஒரு வாளி வழியா ஒத்தைக் கண்ணால பார்க்கிறாள். புல்லுக்குள்ள ஏதோ ஓடுது. பின்னாலேயே புதருக்குள் நுழைஞ்சு, கற்பூர மரத்துப் பொந்துல விழுந்தா, உள்ளே பெருசா ஒரு உருவம் தூங்குது. பயப்படாம அதோட வயித்து மேலேயே படுத்துத் தூங்கிடுறாள்.

திரும்ப வழி காட்டத் தெரியலை. ஆனா அப்பா அவளைப் பொய்க்காரி ஆக்கலை. நீ பார்த்தது காட்டு ராஜாவா இருக்கும், நினைச்சப்பல்லாம் பார்க்க முடியாதுங்கிறார். மரத்துக்குக் கும்பிடு போடவும் கூட்டிட்டுப் போறார். நம்ம ஆளுங்களா இருந்தா முதல் கேள்வியே "அங்க எதுக்குடி போனே?"தான். (அந்தக் காட்டுக்கு மாதிரியா இருந்த சயாமா குன்றுகள் டோக்கியோ பக்கம்தான். ஜனங்களே காசு போட்டு, அங்கே காட்டைத் துண்டு துண்டா வாங்கிக் காப்பாத்துறாங்க.)

எல்லாரும் பூனை பஸ்ஸைத்தான் பேசுவாங்க. எனக்கு முக்கியம் அதுக்கு முந்தின இடம். பாட்டி தோட்டத்து மக்காச்சோளத்தைத் தின்னா அம்மாவுக்குக் குணமாயிடும்னு நம்பி, ஒரு கதிரைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு மேய் தனியா கிளம்பிக் காணாமப் போயிடுறாள். ஊரே வேலையைப் போட்டுட்டுத் தேடுது. ஆம்பளைங்க குளத்துக்குள்ள கழி விட்டுத் துழாவுறாங்க. பாட்டி கையில ஒரு குட்டிச் செருப்பு. கிணத்தோரமா வெள்ளாமை பண்றவனுக்கு அங்க நெஞ்சு அடைச்சுக்கும். நல்லவேளை, செருப்பு அவளோடது இல்லை.

அந்த ஊர்லயும் ஆபத்து இருந்தது. தேடி ஓடிவர ஆளும் இருந்தாங்க. அந்தத் தைரியத்துலதான் பிள்ளை புதருக்குள்ள போக முடிஞ்சது. எங்க ஊர்ல இப்போ பாதி வீடு பூட்டிக் கிடக்கு. மிச்ச வீட்டுப் பிள்ளைகளும் சாயங்காலமானா டியூஷனுக்குப் போயிடுதுங்க.

அதனால, லீவுக்கு வந்தா பிள்ளையை முதல்ல நாலு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு அவ பேரும் முகமும் தெரியட்டும். அப்புறம் விட்டுடுங்க. எங்க போனா, என்ன பார்த்தான்னு அவளா சொல்லலைன்னா குடையாதீங்க. கிணறு இருக்கிற இடத்தை மட்டும் வந்த அன்னிக்கே காட்டிடுங்க.