எண்ணினால் போதாது!

கண்டி நகருக்குத் தெற்கே ஓங்கி நிற்கிறது ஹந்தானை மலை. அதன் அடிவாரத்தில், மகாவலி கங்கை வளைந்தோடும் கரையில், பேராதனைப் பல்கலைக் கழகம் அமைந்திருக்கிறது. 1952ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக் கழகம் கொழும்பிலிருந்து இங்கே குடிபெயர்வதற்கு முன், இந்நிலமும் தோட்ட நிலமாகவே இருந்தது. மலையின் மேற்சரிவில் இன்றும் தேயிலை விளைகிறது. தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள் இருக்கின்றன. 1925ஆம் ஆண்டின் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று, 2001 முதல் அருங்காட்சியகமாக அங்கே விளங்குகிறது. பழைய இயந்திரங்களைப் பேணிக் காக்கவும், அவற்றின் வரலாற்றை வருவோர்க்கு எடுத்துச் சொல்லவும் ஏற்பாடு உண்டு. நல்லது, வரவேற்கிறோம். ஆனால், அந்த இயந்திரங்களுக்குக் கொழுந்து பறித்துக் கொடுத்த கைகளின் வரலாற்றை ஆராய்ந்து சொல்லும் கடமை யாருடையது? அதே மலையின் அடிவாரத்தில் இருக்கும் சமூகவியலாருடையது என்பதே நமது விடை.

சமூகவியல் என்றதும், பட்டத்துக்காகப் பயிலும் பாடங்களுள் அதுவும் ஒன்றென நம்மவரிற் பலர் எண்ணிவிடுகின்றனர். அது தவறு. ஒருவன் ஏழையாக இருந்தால் அவனுடைய சோம்பல் என்கிறோம், விதி என்கிறோம். ஒரு மலைச்சரிவில் வாழ்கின்ற அத்தனை பேரும், பாட்டன் காலந்தொட்டுப் பேரன் காலம்வரை, ஏழைகளாகவே இருந்தால் என்ன சொல்வது? அத்தனை பேரும் சோம்பேறிகளா? விதி ஒரு சரிவை மட்டும் தேடிப் பிடித்ததா? இக்கேள்வி பிறக்கும் இடத்திலேதான் சமூகவியலும் பிறக்கிறது. ஒரு மனிதனின் சொந்தத் துன்பமாகத் தோன்றுவது எப்போது ஊரின் பொதுப் பிரச்சினையாகிறது என்பதைக் காட்டுவதே இவ்வியலின் பணி என்று, அமெரிக்க அறிஞர் சி. ரைட் மில்ஸ் 1959இல் விளக்கினார். தற்கொலை போன்ற தனிமனித முடிவுக்குக்கூடச் சமுதாயக் காரணங்கள் உண்டென்பதைப் பிரான்சு நாட்டு எமில் டேர்க்கைம் 1897இலேயே எடுத்துக் காட்டினார்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 1995ஆம் ஆண்டளவில் நம் நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அது ஒன்று. கொடிய பூச்சிகொல்லி நஞ்சுகள் எளிதாகக் கைக்கெட்டும் நிலையே சாவுகளைப் பெருக்குகிறது என்பது தெளிவாயிற்று. 1995இலும் 1998இலும் அத்தகைய நஞ்சுகள் தடுக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டளவில் அவ்விகிதம் பாதியாகக் குறைந்தது. குற்றஞ் சாட்டுவதை விட்டுக் காரணத்தைத் தேடினால் உயிர்கள் பிழைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கண்டிச் சீமைக்கு இத்தகைய ஆராய்ச்சி புதியதன்று. சிங்களக் குடியானவரின் நிலையை அறிய 1949இல் அமைக்கப்பட்ட கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு, 1951இல் தன் அறிக்கையை வெளியிட்டது. இலங்கைப் பல்கலைக் கழகத்தின் சார்பில் என். கே. சர்க்காரும் நம்மவராகிய ஸ்ரான்லி ஜெயராஜ தம்பையாவும் பாததும்பறைக் கிராமங்களை ஆராய்ந்து, ‘சிதைந்துவரும் கிராமம்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1957இல் நூலொன்று வெளியிட்டனர். நிலம் துண்டு துண்டாகியிருந்ததையும், பிறர் வயலை வாரத்துக்கு உழுவோரின் நிலையையும், நிலமின்மை கிராம உறவுகளையே குலைத்துவந்ததையும் அந்நூல் காட்டிற்று. சிங்களக் கிராமத்தின் துயரத்தை ஒரு தமிழறிஞர் கண்ணுங் கருத்துமாய் ஆராய்ந்தார் என்பது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே.

ஆனால் ஒன்று சிந்திக்க வேண்டும். கிராமம் சிதைந்தது என்றால், அதைச் சிதைத்தது யார்? 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், உறுதி காட்ட முடியாத காட்டையும் சேனையையும் அரசின் உடைமையாகக் கருத வழி செய்தது. அந்நிலங்கள் கோப்பித் துரைமாரின் கைக்கு மாறின. பின்னர் கோப்பி அழிந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை மலையெங்கும் பரந்தது. அத்துரைமாருக்கு உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாக வந்தவன் நிலத்தைப் பறித்தவன் அல்லன். தன் சொந்த ஊரிலே நிலமின்றி, கங்காணியிடம் கடன்பட்டு, 1921 வரை துண்டு முறை என்னும் கடன் விலங்கிலே கட்டுண்டு கிடந்தவன். கிராமத்தான் நிலத்தை இழந்தான். தோட்டத்தான் நிலத்தைக் காணவேயில்லை. இருவரையும் வாட்டியது ஒரே ஏற்பாடுதான். ஆயினும் கிராமத்தானுக்குத் தோட்டத்தானையே பகைவனெனக் காட்டிக் கொடுத்தார்கள். அரசியல்வாதிக்கு அது இலாபம். உண்மையை நாடும் கல்விமானுக்கு?

கிராமம் வேறு, தோட்டம் வேறு என்னும் கோடு இயற்கை வகுத்ததன்று. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, தமிழரை ‘இலங்கைத் தமிழர்’ என்றும் ‘இந்தியத் தமிழர்’ என்றும் பிரித்து எண்ணிற்று. எண்ணிக்கைக்காகப் போட்ட கோடு பின்னர் சட்டமாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டிலே வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9 இலட்சத்து 75 ஆயிரம் மக்களைக் கணக்குப் பார்த்துப் பங்கு போட்டது: இந்தியாவுக்கு 5 இலட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 இலட்சம், மீதி பின்னர் பார்த்துக் கொள்வது! எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, தோட்ட எல்லைக்குள் சபையின் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. வாக்களித்தான் தொழிலாளி, அவன் வாசலுக்கு வீதி போடச் சபைக்கு வழியில்லை. 2018இல்தான் அச்சட்டம் திருத்தப்பட்டது.

ஆகவேதான் சொல்கிறோம்: எண்ணினால் மட்டும் போதாது. 2019ஆம் ஆண்டின் அரசாங்கப் புள்ளிவிபரப்படி, வறுமைக் கோட்டின் கீழ் வாழ்வோர் நகரத்தில் நூற்றுக்கு 6.0, கிராமத்தில் 15.0, தோட்டத்தில் 33.8. நாடு முழுவதற்குமான சராசரி 14.3. சராசரியை மட்டும் பார்ப்பவனுக்குத் தோட்டம் தெரியாது. தோட்டத்தின் எண்ணை மட்டும் பார்ப்பவனுக்கோ, மூன்றில் ஒருவர் ஏன் வறியவர் என்பது தெரியாது. எண், நோயின் சூட்டைக் காட்டும் கருவி. நோயின் மூலத்தை அது காட்டாது. வீட்டுக்கு உறுதி இல்லை. காணிக்கு உரிமை இல்லை. பலவிடங்களில் கடிதமும் தோட்டக் காரியாலயத்தின் வழியாகவே வருகிறது. காணி இல்லாதவனுக்கு ஈடு வைக்க ஒன்றுமில்லை. ஈடு இல்லாதவனுக்குக் கடனில்லை. கடன் இல்லாதவனுக்குத் தோட்டக் கூலியை விட்டால் வேறு தொழிலில்லை. இச்சங்கிலியின் கண்ணிகளைத் தொட்டுக் காட்டுவதே ஆராய்ச்சி.

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலை யார் மறப்பார்? மண்சரிவுகளால் மிகக் கொடிதாகத் தாக்குண்ட மாவட்டங்களுள் கண்டியும் ஒன்று. மழை எல்லோர் மீதும் பெய்தது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என மூவினத்தாரும் மாண்டனர். அது இயற்கை. ஆனால், செங்குத்தான சரிவின் கீழ், ஆபத்தென்று அறிந்தும், வேறு போக்கிடமின்றி வாழும்படி ஒருவன் விடப்பட்டது இயற்கையா? வீடிழந்தவன் தன் பெயரில் ஒரு துண்டு நிலமும் இல்லாமல் நிற்பது இயற்கையா? அனர்த்தத்தை மேகம் கொண்டுவருகிறது. அதன் சுமையைப் பங்கிடுவது சமுதாயம்.

பிறரை நோக்கி விரல் நீட்டும் நாம் நம்மையும் நோக்கியாக வேண்டும். மலையகப் பிள்ளைகளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொண்ட யாழ்ப்பாணத்து, கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் எத்தனை? சாதி கேட்டுத் தண்ணீர் கொடுத்தவர் யார்? மனைவி பறித்த கொழுந்துக்குக் கணவன் சென்று சம்பளம் வாங்கிய வழக்கம் தோட்டங்களில் இருந்ததில்லையா? ஏற்றத்தாழ்வை ஆராய்வோம் என்பவர், தம் வீட்டு வாசற்படியிலேயே நின்றுவிடல் ஆகாது. தமிழர்க்கு இழைத்த அநீதியை அளக்கும் அதே கோல், தமிழர் இழைத்த அநீதியையும் அளக்க வேண்டும். இல்லையேல் அது கோலன்று, தடி.

1956இல் தம்பையா தம் மாணவர்களுடன் கல்லோயாவில் ஆராய்ச்சி செய்து கொண்டிருந்தபோதே அங்கு இனக்கலவரம் வெடித்தது. 1960இல் அவர் நாட்டை விட்டுச் சென்றார். கேம்பிரிட்ஜ், சிகாகோ, ஹார்வார்ட் பல்கலைக் கழகங்கள் அவர் அறிவைப் பயன்படுத்திக் கொண்டன. தன்னை ஆராய்பவனைத் தாங்கிக்கொள்ள முடியாத நாடு, தன் நோயைத் தானே மறைத்துக் கொள்ளும் நாடாகும்.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, கிராமத்தையும் தோட்டத்தையும் வேறு வேறாக வைத்து ஆராயும் வழக்கம் ஒழிய வேண்டும். ஒரு மலையின் மக்களை ஒரே கண்ணால் பார்க்க வேண்டும். இரண்டாவது, அம்மக்களின் மொழியிலே கேட்டு, கண்டதை அம்மக்களின் மொழியிலே திருப்பிச் சொல்ல வேண்டும். ஆங்கில ஏட்டிலே அடங்கிவிடும் ஆராய்ச்சி, அதற்குப் பதில் சொன்னவனுக்கு எட்டுவதில்லை. மூன்றாவது, லயன்களில் பிறந்த பிள்ளைகள் ஆராயப்படுவோராக மட்டும் நில்லாமல், ஆராய்வோராக அந்த மண்டபங்களை நிறைக்க வேண்டும்.

ஹந்தானையின் அடியிலிருந்து மேற்சரிவுக்குத் தூரம் அதிகமில்லை. ஏறிச் செல்ல மனந்தான் வேண்டும். கல்விமான்கள் ஏறட்டும், வருபவரிடம் மறைக்காமல் சொல்ல மக்களும் முன்வரட்டும். சொன்னதைக் கேட்டுச் செயலாற்றும் பொறுப்பு ஆட்சியாளருடையது. கேட்டும் செயலாற்றாவிட்டால், அறியாமல் இருந்தோம் என்று இனி அவர்கள் சொல்ல முடியாது.