கல்வெட்டு வேண்டாம் என்று ஏன் சொன்னேன்?

பதிவு கொஞ்சம் நீளம்தான். காபியோடு உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

மயிலாப்பூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து சுதந்திரப் போராட்ட நினைவுக் குழு ஒன்று நடத்தி வருவது உங்களில் பலருக்குத் தெரியும். எல்லோரும் என்னைப் போல ஓய்வு பெற்றவர்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 ஆகிய நாட்களில் கொடியேற்றம், பேச்சுப் போட்டி, மாறுவேடப் போட்டி, கடைசியில் கேசரி. இந்த வருடம் ஒரு நல்ல மனிதர் கணிசமாக நன்கொடை கொடுத்திருக்கிறார். அதில் கிரானைட்டில் ஒரு கல்வெட்டு வைக்கலாம், மேலே தியாகிகள் பெயர், கீழே நன்கொடையாளர், நிர்வாகிகள் பெயர் என்று யோசனை வந்தது. நான் வேண்டாம் என்றேன். "டீச்சருக்கு எதற்கெடுத்தாலும் மறுப்புதான்" என்று ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் சொல்லி முடிக்க முடியாததை இங்கே எழுதுகிறேன்.

கல் ஏற்கெனவே இருக்கிறது. கதீட்ரல் சாலையில், நட்சத்திர ஹோட்டல் இருக்கும் இடத்தில். 1919 மார்ச்சில் காந்தி சென்னைக்கு வந்தபோது தங்கிய வீடு அங்கேதான் இருந்தது. 'தி ஹிந்து' கஸ்தூரிரங்க ஐயங்காரின் வீடு, ராஜாஜி குடியிருந்தார். ரௌலட் சட்டத்தை எதிர்த்து நாடு முழுவதும் ஒரு நாள் வேலையை நிறுத்தி, உண்ணாநோன்பும் பிரார்த்தனையுமாக இருக்கலாம் என்ற எண்ணம் அங்கே ஒரு விடியற்காலையில், தூக்கமும் விழிப்பும் கலந்த நேரத்தில் தோன்றியதாகக் காந்தியே சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். அடுத்த சில வாரங்களில், ஏப்ரல் 6 அன்று, நாடு அதைச் செய்து காட்டியது. பாரதி விறுவிறுவென்று உள்ளே போய்க் காந்தியைச் சந்தித்ததாக வ.ரா. எழுதியிருப்பதும் அதே வீட்டில் நடந்ததுதான். இவ்வளவு பெரிய விஷயத்துக்கு ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். செம்மொழிப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அதே சாலையில் எத்தனை தடவை போயிருப்பீர்கள்? அந்தக் கல்லைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்.

இன்னொரு கல் வைத்தால் அதற்கும் இதே கதிதான்.

நம் பகுதியின் சுதந்திரப் போராட்ட வரலாற்றில் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. இங்கே சிறைக்குப் போனவர்களும் பதவியைத் துறந்தவர்களும் சிலையாக நிற்பதோடு முடிந்துவிடவில்லை. நடக்கிற காரியங்களை விட்டுச் சென்றிருக்கிறார்கள். அதிலும் பெண்கள்.

அம்புஜம்மாளை எடுத்துக்கொள்ளுங்கள். காங்கிரஸ் தலைவராக இருந்த எஸ். சீனிவாச ஐயங்காரின் மகள். லஸ் சர்ச் சாலையில் அம்ஜத் பாக் என்ற பெரிய பங்களாவில் வளர்ந்தவர். வைரமும் பட்டும் போட வேண்டிய வயதில் கதர் கட்டிக்கொண்டு, 1932-ல் அந்நியத் துணி மறியலில் சிறைக்குப் போனார். சுதந்திரம் வந்த பிறகு, 1948-ல் தேனாம்பேட்டைப் பக்கம் ஸ்ரீநிவாச காந்தி நிலையத்தை ஆரம்பித்தார். தந்தை பெயர் பாதி, காந்தி பெயர் பாதி. அங்கே என்ன நடந்தது? ஏழைகளுக்குப் பால், மருந்து, கஞ்சி. பெண் பிள்ளைகளுக்கு இலவசப் பாடம். அச்சகத்தில் பெண்களுக்கு வேலைப் பயிற்சி. இன்று ஆழ்வார்பேட்டையில் அந்தத் தெருவுக்கே அம்புஜம்மாள் தெரு என்று பெயர். இலக்கியச் சிந்தனை கூட்டங்களுக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரியும். தெருப் பெயரை ஆட்டோக்காரரிடம் சொல்கிறோம், அவர் யார் என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை.

துர்காபாய் உப்பு சத்தியாகிரகத்தில் சிறை சென்றவர். விடுதலையாகி வந்து, விட்ட படிப்பைத் தொடர்ந்து சட்டம் வரை படித்தார். அவருடைய ஆந்திர மகிளா சபா ஆரம்பத்தில் என்ன செய்தது தெரியுமா? பெண்களை பனாரஸ் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷன் பரீட்சைக்குத் தயார் செய்தது. அதாவது டியூஷன்! வாத்தியாராக எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம். பிறகு அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகி, அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டதும் இதே அம்மாள்தான். அடையாறில் அவர் பெயரில் சாலையும் இருக்கிறது, சபாவின் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி வகுப்பில் நான் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். 1930-ல் காந்தி கைதானதைக் கண்டித்துச் சட்ட மேலவைப் பதவியை ராஜினாமா செய்தவர். அவர் தொடங்கிய அவ்வை இல்லம் பெசன்ட் அவென்யூவில் இருக்கிறது. 1954-ல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையின் வாசலில் நம் குடும்பங்களில் எத்தனையோ பேர் ஏதோ ஒரு நாள் நின்றிருப்போம்.

தி.நகர் வெங்கடநாராயணா சாலையில் தக்கர் பாபா வித்யாலயா. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குத் தொழில் கற்றுக் கொடுக்க வந்த பள்ளி. 1946-ல் அடிக்கல் நாட்டியவர் காந்தி. (தியாகராய நகருக்கும் பனகல் பூங்காவுக்கும் பெயர் தந்தவர்கள் காங்கிரஸை எதிர்த்த ஜஸ்டிஸ் கட்சித் தலைவர்கள். அந்த ஊருக்குள்ளே காந்தியின் பள்ளி! இரண்டு பக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் அது சரித்திரம் இல்லை.)

இப்போது நாங்கள் நடத்தும் மாறுவேடப் போட்டிக்கு வருகிறேன். கண்மையால் மீசை வரைந்து, தலைப்பாகை சரிய ஒரு குழந்தை வந்து, அம்மா எழுதிக் கொடுத்த நாலு வரியை ஒப்பிக்கும். நாம் கை தட்டி டிபன் பாக்ஸ் பரிசு கொடுப்போம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாரதிக்குத் திருவல்லிக்கேணி எந்தப் பக்கம் என்று தெரியாது. வருடா வருடம் தவறாமல் வருவதும் அம்மாவின் கையெழுத்துதான்.

அதனால் நான் சொல்வது: மாதம் ஒரு ஞாயிறு காலை லஸ்ஸில் ஆரம்பித்து, அம்ஜத் பாக் இருந்த பக்கம், நாகேஸ்வர ராவ் பூங்கா, கதீட்ரல் சாலைக் கல், அம்புஜம்மாள் தெரு என்று பிள்ளைகளோடு நடப்போம். வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும். நன்கொடைப் பணத்தில் பெரும் பகுதியை, இந்த நிறுவனங்களில் ஏதாவது ஒன்றிடம் என்ன தேவை என்று முதலில் கேட்டு, அதற்குக் கொடுப்போம். கேட்காமல் பொன்னாடையும் போட்டோகிராபருமாகப் போய் நிற்கக் கூடாது. அவர்களுக்கு அது ஒரு மணி நேர வேலைக்கேடு. மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று சொன்னால், எங்கள் குழுவிலேயே நாலு பேர் ஆசிரியர்கள்.

"அது சேவைச் சங்கங்கள் செய்கிற வேலை, நம்முடையது பாரம்பரியம்" என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல மனிதர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் கஞ்சி ஊற்றியதும் பாடம் சொன்னதும்தானே அம்புஜம்மாள் விட்டுப்போன பாரம்பரியம்? அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, பெயரை மட்டும் கல்லில் வெட்டி என்ன செய்வது? கல்லுக்கும் யாராவது தண்ணீர் விட்டுத் துடைக்க வேண்டும். எங்கள் வயதில் அது எத்தனை வருடம்?

இன்னொருவர், "இந்தக் காலத்துப் பசங்க யார் வருவாங்க?" என்றார். அதற்கு என்னிடம் அப்போது பதில் இல்லை. பதில் உங்களிடம் இருக்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் கை தூக்கச் சொல்லி முடிவெடுப்பார்கள் போலிருக்கிறது. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் பக்கம் இருப்பவர்கள், மாதம் இரண்டு மணி நேரம் தர முடியுமானால் கமென்ட்டில் பெயர் எழுதுங்கள். என்ன தெரியும் என்பதையும் எழுதுங்கள்: கணக்கு, கம்ப்யூட்டர், எலக்ட்ரிக்கல், வைத்தியம், எதுவானாலும். வெளியூரில் இருப்பவர்கள் லைக் போட்டுவிட்டு நகராமல், சென்னையில் இருக்கும் உங்கள் வகுப்புத் தோழர்களுக்கு இதை அனுப்புங்கள். பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு போனால்தான் அங்கே என் பேச்சு எடுபடும்.