தயவல்ல, உரிமை!

இயந்திரத்தில் விரலை இழந்த மில் தொழிலாளி நஷ்டஈடு கேட்கிறான். அது பிச்சையா? இல்லை, போராடிப் பெற்ற உரிமை! கல்லூரியில் படிக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகள் கேட்பதும் அப்படிப்பட்டதே.

என்ன கேட்கிறார்கள்? கரும்பலகையில் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள் என்கிறான் பார்வையற்ற மாணவன். எங்களைப் பார்த்துப் பேசுங்கள் என்கிறாள் காது மந்தமான மாணவி. மாடி ஏற முடியாதவன் வகுப்பைக் கீழ்த்தளத்தில் வைக்கச் சொல்கிறான். இதற்குக் கோடி ரூபாய் வேண்டுமா?

"ஒருவனுக்காக எல்லோர் பாடத்தையும் மாற்றுவதா?" என்கின்றனர் சில ஆசிரியர்கள். வாய்விட்டுச் சொன்னால் எல்லோருக்கும்தானே விளங்கும்!

சட்டமும் இவர்கள் பக்கமே. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவிகித இடத்தை 2016-ம் ஆண்டுச் சட்டம் ஒதுக்குகிறது. எழுத இயலாதவருக்குப் பரீட்சையில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம் என்பது 2018-ல் மத்திய சர்க்கார் வகுத்த விதி. 40 சதவிகித ஊனச் சான்று இல்லாவிட்டாலும், எழுத இயலாதவருக்கு எழுத ஆள் உண்டு என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

ஏட்டிலுள்ள உரிமை வகுப்பறைக்குத் தானாக வராது. ஆசிரியர்களும் உழைப்பாளிகளே, அவர்கள் இப்பிள்ளைகளின் பக்கம் நிற்கட்டும். சாய்தளத்துக்கும் கருவிகளுக்கும் சர்க்கார் பணம் தரட்டும். பெற்றோர்களே, கெஞ்சாதீர்கள், சேர்ந்து கேளுங்கள்!