எல்லா "டு"வும் "மெஹ்" ஆகாது!

கிளிங்கான் மொழி படிக்க ஆரம்பிக்கிறவர்கள் பலர் சீக்கிரமே ஒரு மாபெரும் கண்டுபிடிப்பைச் செய்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வினைக்கு முன்னால் "டு" வந்தால், கிளிங்கானில் அந்த வினையின் வாலில் "மெஹ்" ஒட்டிவிட வேண்டியது! தூங்க விருப்பமா, மெஹ். சாப்பிடத் தேவையா, மெஹ். சண்டை போடத் தயாரா, அதற்கும் ஒரு மெஹ். தப்பு என்று யாராவது சொன்னால் பதில் ரெடி: "அட, இல்லாத ஊர்க்காரன் பேசுற பாஷை. இதுல என்ன சரி, என்ன தப்பு?"

இந்தப் பதிலைத்தான் கொஞ்சம் உரித்துப் பார்க்க வேண்டும்.

தெரியாதவர்களுக்காக நாலு வரி. ஸ்டார் ட்ரெக் படங்களில் வரும் போர்வெறி பிடித்த வேற்றுக்கிரக இனத்துக்காக, மார்க் ஓக்ராண்ட் என்ற அமெரிக்க மொழியியலாளர் கட்டி எழுப்பிய மொழி கிளிங்கான். 1984ல் வந்த மூன்றாவது படத்துக்காகச் செய்தார். அகராதியும் இலக்கணமும் சேர்ந்த புத்தகம் 1985ல் வந்து, 1992ல் பின்சேர்க்கையோடு மறுபடி வந்தது. வினைச்சொல்லுக்குப் பின்னால் விகுதிகளை அடுக்கும் மொழி இது. விகுதியில் ஒன்பது வகை. வகைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது, வரிசையும் மாறக்கூடாது. (வரிசைக்கு அடங்காமல் சுற்றித் திரியும் விகுதிகளும் சில உண்டு, அது தனிக்கதை.) மெஹ் ஒன்பதாம் வகை, அதாவது ரயிலின் கடைசிப் பெட்டி. அதன் வேலை நோக்கத்தைச் சொல்வது.

ஒரு வாக்கியம்: "ஷோஜ் ஜெமெஹ் ஜஹ் ஷுவ்வி." ஷோஜ் உணவு, ஜெ வாங்கு, ஜஹ் போ, ஷுவ்வி வீரன். வரிசை மாற்றாமல் அப்படியே தமிழில் போட்டால், "உணவு வாங்கப் போகிறான் வீரன்." தெருவில் கேட்கிற தமிழ் மாதிரியே இருக்கிறது, இல்லையா? :-) நோக்கம் முன்னால், செயல் பின்னால். இது அழகுக்காக அல்ல. மெஹ் ஒட்டிய பகுதி, தான் விளக்கும் சொல்லுக்கு முன்னால்தான் வந்தாக வேண்டும் என்பது விதி. அந்தச் சொல் பெயர்ச்சொல்லாகவும் இருக்கலாம். "கோஜ்மெஹ் தஜ்" என்றால் கற்பதற்கான கத்தி, சிறுவர்கள் பழகும் கத்தி. தமிழில் "எழுதுகோல்" என்கிறோம். எழுதுவதற்கான கோல் என்ற நோக்கம் வினைத்தொகைக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. கிளிங்கான் அதை ஒளிப்பதில்லை.

இப்போது வம்புக்கு வருவோம். "தூங்க விரும்புகிறேன்" என்பதற்குச் சரியான கிளிங்கான் "ஜிகோங் வினெஹ்". சொல்லுக்குச் சொல் பார்த்தால், "நான் தூங்குகிறேன், அதை விரும்புகிறேன்." ஒரு முழு வாக்கியமே அடுத்த வினைக்குச் செயப்படுபொருளாக உட்கார்ந்துவிடுகிறது. மெஹ்ஷுக்கு அங்கே வேலையே இல்லை. நம் கண்டுபிடிப்பாளர் எழுதுவது "ஜிகோங்மெஹ் வினெஹ்". இதன் பொருள் "நான் தூங்குவதற்காக அதை விரும்புகிறேன்". எதை? தலையணையையா? கேட்பவன் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பழியை ஆங்கிலத்தின் மேல் மட்டும் போட்டுத் தப்பிக்க முடியாது. தமிழும் இதே குழியில்தான் தள்ளும். "வாங்கப் போனான்", "வாங்க விரும்பினான்", "வாங்கச் சொன்னான்", மூன்றுக்கும் ஒரே "வாங்க". முதலாவது மட்டும்தான் நோக்கம். ஆனால் பிரித்தறிய ஒரு சோதனையும் தமிழிலேயே இருக்கிறது: கேள்வி கேட்டுப் பாருங்கள். எதற்குப் போனான்? வாங்க. எதை விரும்பினான்? வாங்குவதை. "எதற்கு" என்ற கேள்விக்குப் பதிலாக வருவது மெஹ். "எதை"க்குப் பதிலாக வந்தால் மெஹ் கிட்டேயே போகக்கூடாது. காமர்ஸ் பையன்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னால், ஆங்கிலத்து "டு" ஓர் அனாமத்துக் கணக்கு. எந்தத் தலைப்பு என்று தெரியாததையெல்லாம் அதில் போட்டு வைக்கலாம். கிளிங்கான் பேரேட்டில் அந்தத் தலைப்பே கிடையாது.

அதுவும் எத்தனை தனித் தலைப்புகள்! இரண்டாம் வகை விகுதிகள் மொத்தம் ஐந்து. செய்யத் தேவை என்றால் "னிஷ்". செய்ய மனம் இருக்கிறது என்றால் "கங்". செய்யத் தயார் என்றால் "ருப்". ஆனால் தயாராக இருப்பது கருவி என்றால் "பெஹ்". செய்யப் பயம் என்றால் "விப்". ஐந்துக்கும் ஆங்கிலத்தில் "டு", தமிழில் "செய்ய". வீரன் தயாராக இருப்பதும் பீரங்கி தயாராக இருப்பதும் ஒன்றல்ல என்று யோசித்து இரண்டு விகுதி வைத்த மொழியில், அத்தனையையும் மெஹ் என்று மொழுகுவது சோம்பேறித்தனம். (விப்பைத் தன்மையில் சொன்னால் இலக்கணப்படி தப்பில்லை, ஆனால் "எனக்குப் பயம்" என்று எந்தக் கிளிங்கானும் வாய்விட்டுச் சொல்வதில்லையாம்!)

எதிர்த்தரப்பின் கையில் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது, மறைக்க வேண்டாம். "சாவதற்கு இன்று நல்ல நாள்" என்ற புகழ்பெற்ற கிளிங்கான் சொலவடையில் மெஹ்தான் வருகிறது. அந்த நாளுக்கு என்ன நோக்கம் இருக்க முடியும் என்பார்கள். நாளுக்கு இல்லைதான். ஆனால் "எதற்கு நல்லது?" என்று கேளுங்கள், "சாவதற்கு" என்று பதில் வரும். சோதனையில் பாஸ். நோக்கத்தின் எல்லை கொஞ்சம் நீண்டிருக்கிறது, அவ்வளவுதான். அதைக் காட்டி வேலியையே பிடுங்க முடியாது.

அடுத்த ஆயுதம் இதைவிடக் கூர்மை. பழந்தமிழில் நோக்கத்துக்கென்றே வான், பான், பாக்கு என்று ஈறுகள் இருந்தன. "உண்பான் வந்தான்" என்றால் உண்ண வந்தான். நன்னூலின் வினையெச்சப் பட்டியலில் இன்னமும் இருக்கின்றன. பேச்சில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால் தமிழுக்கு என்ன குறைந்துவிட்டது? கிளிங்கானும் அப்படியே மாறிவிட்டுப் போகட்டுமே!

தமிழில் அந்த மாற்றத்தைச் செய்தது தமிழ் பேசிய வாய்கள். பான் போன இடத்தில் "உண்ண"வும் "உண்பதற்கு"ம் வந்தன, தமிழுக்குள்ளிருந்தே. கிளிங்கானில் திருத்துவதற்குப் பாட்டி கிடையாது, கேலி செய்ய ஊர் கிடையாது. மெஹ்ஷின் எல்லையை அழிக்கிறவன் கிளிங்கான் பேசிப் பேசித் தேய்த்து அழிக்கவில்லை. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு வார்த்தையை மட்டும் மாற்றிப் போடுகிறான். நாலு விகுதி இப்படிப் போனால் மிஞ்சுவது கிளிங்கான் சட்டை போட்ட ஆங்கிலம்.

காகிதத்தில் மட்டும் இருக்கும் இலக்கணம் என்று இளக்காரம் பேசுகிறவர்கள், ஓக்ராண்ட் 1977ல் பெர்க்லியில் எதற்கு டாக்டர் பட்டம் வாங்கினார் என்று பார்க்கலாம். கலிபோர்னியாவின் முட்சுன் என்ற பழங்குடி மொழியின் இலக்கணத்துக்கு. அதைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண்மணி 1930லேயே இறந்துவிட்டார். ஓக்ராண்டுக்குக் கிடைத்தது பழைய குறிப்புகள்தான். அந்த இனத்தின் வாரிசுகள் இன்று தங்கள் மொழியை அப்படிப்பட்ட காகிதங்களிலிருந்துதான் திரும்பக் கற்கிறார்கள். அவர்களிடம் போய், விகுதி எதுவாக இருந்தால் என்ன, புரிந்தால் போதாதா என்று கேட்டுப் பாருங்களேன்.