மயிலியின் மூன்றாம் ஈத்து

தருமபுரி மண்டலக் கால்நடை பராமரிப்புத் துறை இணை இயக்குநர் அவர்களுக்கு,

பாப்பாரப்பட்டியிலிருந்து எழுதுகிறேன். மானாவாரிக் கடலைக் காடும் கொஞ்சம் வெள்ளாடுகளும் வைத்திருக்கும் விவசாயி நான். போன மார்கழியில் என் சிப்பிப்பாறை நாய் மயிலி, குட்டி போட முடியாமல் இறந்துபோனது. அந்தச் சாவில் பெரும்பங்கு என்னுடையது. அதை மறைத்துவிட்டுத் தங்களிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வராது.

அன்று ராத்திரி பத்து மணிக்கு முக்க ஆரம்பித்தது. பன்னிரண்டு ஆகியும் ஒரு குட்டிகூட வரவில்லை. பச்சையாக நீர் வடிந்தது. முதல் குட்டி வெளியே வருமுன் பச்சை நீர் கண்டால் நஞ்சு பிரியத் தொடங்கிவிட்டது, உள்ளே குட்டி மூச்சுக்குத் திணறுகிறது என்று அர்த்தமாம். எனக்கு அப்போது அது தெரியாது. தெரிந்தவர் என்று ஒருவரைக் கூட்டிவந்தேன். நோவு வரட்டும் என்று ஊசி போட்டார். குட்டி குறுக்கே கிடந்திருக்கிறது. வழி அடைபட்டிருக்கும்போது கருப்பையை இறுக்கும் ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதைத் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வண்டி பிடித்து தருமபுரிக்குப் போகும் வழியிலேயே, என் மடியில் தலை வைத்தபடி அடங்கிவிட்டது. வயிற்றில் ஐந்து குட்டிகள்.

பிறகுதான் மருத்துவர்களிடம் கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். அரை மணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வராவிட்டால் காத்திருக்கக் கூடாது. ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே இரண்டு மணி நேரம் தாண்டினாலும் அப்படித்தான். சினையின் கடைசி வாரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் எத்தனை குட்டி, தலை எவ்வளவு பெரிது என்று முன்பே தெரிந்திருக்கும். காலை மாலை தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்திருந்தால் நாளும் தெரிந்திருக்கும். நாய்க்கு வழக்கமான சூடு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். அது 99க்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் ஈனும். பகலிலேயே தெரிந்திருந்தால் சாயங்காலமே டவுனுக்குக் கொண்டுபோயிருப்பேன்.

ஆனால் என் தவறு அந்த ராத்திரியில் தொடங்கவில்லை. அதற்கு ஆறு மாதம் முன்னால், ஆனியில், மயிலிக்கு ஐம்பதாவது நாள் வாக்கில் குட்டிகள் செத்து விழுந்தன. கண்பட்டுவிட்டது என்றார்கள். நானும் நம்பினேன். விழுந்ததையெல்லாம் என் அம்மா வெறும் கையால் அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தார். நாய்களில் அந்தக் கணக்கில், 45 நாளுக்கு மேல், கரு விழுந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது புருசெல்லா கிருமியை என்று இப்போது தெரிகிறது. அது சேர்க்கையில் கடுவனிடமிருந்து பெட்டைக்கும் பெட்டையிடமிருந்து கடுவனுக்கும் போகும். மனிதருக்கும் தொற்றும். மயிலிக்கு இருந்ததா இல்லையா என்பது இனி தெரியப்போவதில்லை. யாரும் ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை. அம்மாவின் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த நினைவு வருகிறது.

கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் இதே கருச்சிதைவு நோய்க்குத் தங்கள் துறை தடுப்பூசி போடுகிறது. அதன் அருமை மாடு வைத்திருக்கும் எங்கள் எல்லாருக்கும் தெரியும். நாய்க்கு அப்படி ஒரு தடுப்பூசி கிடையாது. வந்துவிட்டால் மருந்து கொடுத்தும் முழுசாகப் போகும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆக, நாய்க்கு இருக்கும் ஒரே வேலி சேர்க்கைக்கு முன் செய்யும் ரத்தப் பரிசோதனைதான். அந்த வேலியை எங்கள் பக்கம் யாரும் போடுவதில்லை. நல்ல கடுவன் எங்கே இருக்கிறது என்று விசாரிக்கிறோம், முயல் பிடிக்குமா என்று கேட்கிறோம், காலையும் வாலையும் பார்க்கிறோம். நோய் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் கடுவன்காரர் கோபித்துக்கொள்வார்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. பெட்டைக்குப் பதினெட்டு மாதம் நிறைந்திருக்க வேண்டும். சேர்க்கைக்குப் பத்து நாளாவது முன்னதாக மருத்துவர் பார்த்து ஆரோக்கியச் சான்று தர வேண்டும். அடுத்தடுத்த இரண்டு பருவத்தில் குட்டி எடுக்கக் கூடாது. ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. மயிலி விஷயத்தில் இவற்றில் பாதியை நான் மீறியிருக்கிறேன். பதினெட்டு மாதம் ஆகுமுன்பே முதல் சேர்க்கை. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று சினை. இப்படி ஒரு விதி இருப்பதை மயிலி போன பிறகுதான் படித்தேன்.

முதல் ஈத்தையும் சொல்லிவிடுகிறேன். அதுவும் மார்கழிதான். சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்துப் படுக்க வைத்தேன். ஆறு குட்டிகளில் நான்கு முதல் வாரத்திலேயே போய்விட்டன. பிறந்த குட்டிக்கு உடம்பில் சூட்டைக் காத்துக்கொள்ளத் தெரியாது, நடுங்கக்கூடத் தெரியாது. முதல் வாரம் அதைச் சுற்றி 30 டிகிரி செல்சியஸ் அளவுக்காவது கதகதப்பு வேண்டும். குளிர்ந்துபோன குட்டி பால் குடிக்காது, குடித்தாலும் செரிக்காது. ஒரு மரப்பெட்டி, பழைய வேட்டித் துணி, ஒரு மூலையில் மட்டும் ஒரு குண்டு பல்பு, தாய் சாயும்போது குட்டி நசுங்காமல் இருக்க உள்பக்கம் சுற்றிலும் ஒரு சட்டம். இவ்வளவுதான் தேவைப்பட்டது. பல்பு ஒரு மூலையில் மட்டும் இருந்தால் சூடு அதிகமானதும் குட்டியே நகர்ந்துகொள்ளும். சீம்பாலை முதல் நாளிலேயே எல்லாக் குட்டியும் குடித்ததா என்றும் நான் பார்க்கவில்லை. சினைக்காலம் முழுக்கக் கால்சியம் டானிக் மட்டும் தவறாமல் ஊற்றினேன். அப்படி ஊற்றினால் தாயின் உடம்பு எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தை எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுமாம். பால் பெருகும் நேரத்தில் வலிப்பு வரும் ஆபத்து கூடுமாம். நல்லது என்று நினைத்தே செய்தேன்.

பார்க்காமல் சேர்ப்பதால் வரும் கேடு நோயோடு நிற்பதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் வெள்ளை வெளேர் என்று ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கிவந்தார். கூப்பிட்டால் திரும்பாது. திமிர் என்று அடித்தார்கள். அதற்குக் காதே கேட்காது என்று தெரிய வெகுநாள் ஆனது. தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். வெள்ளைக்காகவே பொறுக்கி வளர்த்த இனங்களில் அவை சில குட்டிகளுக்குக் குறைந்துவிடுகின்றன. ஐந்து வாரத்துக்கு மேல் செவிப் பரிசோதனைக் கருவியில் பார்த்துவிடலாம். ஒரு காது மட்டும் கேளாத நாயைக் கைதட்டிக் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட நாயே அடுத்த ஈத்துக்குத் தாயாகவோ தகப்பனாகவோ ஆகிவிடுகிறது.

2005இல் ராஜபாளையத்துக்கு அஞ்சல்தலை வந்தது. கர்னாலில் உள்ள தேசிய கால்நடை மரபு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024இல் நாய் இனப்பெருக்கக் கொள்கையே வெளியிட்டது. இத்தனையும் பெருமைதான். ஆனால் சேர்க்கைக்குப் பத்து நாள் முன்பு சான்று வாங்க வேண்டும் என்றால், அதை வாங்கப் பக்கத்தில் ஓர் இடம் வேண்டுமே.

ஆகவே கேட்கிறேன். எங்கள் ஊரிலேயே வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. மாதம் ஒரு நாள், அங்கேயோ எங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்திலோ, சேர்க்கைக்கு முந்தைய பரிசோதனை நாள் ஒன்றை ஏற்படுத்தித் தாருங்கள். புருசெல்லாவுக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் ரத்தம் பாருங்கள். சேர்க்கையிலேயே பரவும் பிறப்புறுப்புக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தடுப்பூசி விட்டுப்போயிருந்தால் போடுங்கள். லாப்ரடார், ஷெப்பர்டு வைத்திருப்பவர்களை இரண்டு வயதில் இடுப்பெலும்பு எக்ஸ்ரேவுக்கு அனுப்புங்கள். கட்டணம் வையுங்கள், கொடுக்கிறோம். குட்டி விற்றுக் காசு பார்க்கிறவர்களுக்கு அதில் ஒரு பங்கைச் செலவழிக்கும் கடமை உண்டு. தேறாத நாயை இதே நாளில் கருத்தடைக்கு எழுதிக்கொள்ளவும் வழி செய்யுங்கள். விலைபோகாத குட்டிகள்தான் பிறகு தெருவில் நிற்கின்றன.

இன்னொன்று. ராத்திரியில் நாய் நோவெடுக்கும்போது, இது காத்திருக்கலாம், இது உடனே கிளம்ப வேண்டும் என்று சொல்ல போனில் ஒரு மருத்துவரின் குரல் கிடைத்தால் போதும். அந்தக் குரல் அன்று கிடைத்திருந்தால் அந்த ஊசியை நான் போட விட்டிருக்க மாட்டேன்.

மயிலியின் முதல் ஈத்தில் பிழைத்த இரண்டில் ஒன்று, பெட்டை, என்னிடம் இருக்கிறது. இப்போது 19 மாதம். ஐப்பசி வாக்கில் பருவத்துக்கு வரும் என்று நினைக்கிறேன். பரிசோதனை முடியாமல் சேர்ப்பதில்லை என்று கடுவன்காரரிடம் சொல்லிவிட்டேன். முதலில் முகம் சுளித்தார், பிறகு தன் நாயையும் கொண்டுவருவதாகச் சொன்னார். எந்த நாள், எந்த இடம் என்று தாங்கள் சொன்னால் இரண்டையும் அழைத்துக்கொண்டு வருகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
பாப்பாரப்பட்டி விவசாயி ஒருவன்