அறத்தை அளந்தோர் தம்மை அளவாமை

உலகிற் கொடையாளர் பலர். கொடையின் பயனை ஆராய்வார் சிலர். ஒருவன் ஈந்த பொருள் பிறனது துன்பத்தை உண்மையிற் றுடைத்ததா, எத்துணை துடைத்தது, அப்பொருளே வேறிடத்துச் சென்றிருப்பின் இன்னும் மிகுதியாகத் துடைத்திருக்குமா என வினவுதல் அறிவுடையார்க்கு இயல்பேயாம். இவ்வினாவை அடிப்படையாகக் கொண்டு மேனாட்டில் எழுந்தது 'எஃபெக்டிவ் ஆல்ட்ரூயிசம்' என்னும் இயக்கம். பயனாராய்ந்து செய்யும் பரோபகாரம் என்பது அதன் பொருள்.

கிழக்கு வங்காள மக்கள் அகதிகளாய்ப் பசியால் வாடிய 1971-ஆம் ஆண்டில், பீட்டர் சிங்கர் என்னும் ஆஸ்திரேலிய அறிஞர் ஒரு கட்டுரை வரைந்தார்; அஃது 1972-இல் வெளிவந்தது. குளத்தில் மூழ்குங் குழந்தையைத் தன் ஆடை பாழாகுமென்று கைவிடுவான் குற்றவாளியாயின், தொலைவில் மடியுங் குழந்தையைக் கைவிடுவானும் குற்றவாளியே என்பது அதன் துணிபு. 2007-இல் அமெரிக்காவில் 'கிவ்வெல்' என்னும் நிலையம் தோன்றி, எவ்வறச்சாலை எவ்வளவு பொருளால் எத்துணை உயிர் காக்கின்றதென்று கணக்கிடலாயிற்று. 2009-இல் ஆக்ஸ்போர்டில் டோபி ஆர்டு, வில்லியம் மக்காஸ்கில் என்னும் இருவர், வருவாயிற் பத்திலொரு பங்கை ஈவதாக உறுதிகூறுவார் கழகமொன்றை நிறுவினர். இற்றைக்கு அவ்வுறுதி பூண்டார் பதினாயிரவர்க்கு மேற்பட்டோர். இவையெல்லாம் பாராட்டற்பாலனவே. மறுக்கப்படுவது இவற்றின்மேல் எழுப்பப்பட்ட மற்றொரு கொள்கையாம்.

அக்கொள்கை வருமாறு: "ஆயிரம் டாலரைக் கொசுவலைக்கு ஈந்தால் அவ்வளவே பயன், அவ்வாயிரத்தைக்கொண்டு ஒரு மாணவனை இயக்கத்திற் சேர்த்தால் அவன் வாழ்நாள் முழுதும் பன்மடங்கு ஈவான், ஆதலின் ஈதலினும் ஈவாரைப் பெருக்குதலே தலையாய அறம்." 2011-இல் தோன்றிய '80,000 ஹவர்ஸ்' என்னும் நிலையம் இளைஞர்க்கு வாழ்க்கைத் தொழில்பற்றி இவ்வழியே அறிவுரை கூறத் தலைப்பட்டது. பெரும்பொருள் ஈட்டி ஈதலும் ஓரறநெறியென அக்காலத்து உரைக்கப்பட்டது.

இக்கொள்கை இரு குற்றமுடைத்து. முதலாவது வரம்பின்றியோடல். புதிதாகச் சேர்ந்தவனும் அவ்வாதத்தின்படியே தன் பொருளை ஆட்சேர்ப்பிற்கே செலவிடல் வேண்டும். அவனாற் சேர்க்கப்பட்டவனும் அங்ஙனமே. அவ்வாறாயின் கொசுவலையை விரிப்பவர் யார்? ஓரிடத்து நிற்றல் வேண்டுமெனின், எவ்விடத்தென்பதை அக்கணக்கு உரைக்கமாட்டாது.

இரண்டாவது தன்னைப்பற்றுதல். மருந்து தோய்த்த கொசுவலை சிறார் சாவைக் குறைக்குமென்பது காம்பியா, கானா, கென்யா முதலிய நாடுகளில் 1990-களில் நிகழ்ந்த சோதனைகளால் நாட்டப்பட்டது. அச்சோதனைகள் இயக்கம் பிறப்பதற்கு முன்னரே நிகழ்ந்தவை, பிறரால் நிகழ்த்தப்பட்டவை. இயக்கத்தை வளர்த்தலின் பயனுக்கோ சான்று யாது? கொடுப்பார் இயக்கத்தார், பெறுவார் இயக்கத்தார், பயன் விளைந்ததென்று மதிப்பிடுவாரும் இயக்கத்தாரே. தன்னைத் தானே சான்றாகக் காட்டுவது அளவையாகாதென்பது தருக்கம் பயின்ற சிறாரும் அறிவர்.

இக்குற்றம் ஏட்டளவில் நின்றதன்று. ஆக்ஸ்போர்டை அடுத்த வைத்தம் அபி என்னும் பழைய மாளிகை, இயக்கத்தார் கூடி உரையாடுதற்பொருட்டு 2022-இல் ஏறக்குறைய 1 கோடி 50 இலட்சம் பவுனுக்கு வாங்கப்பட்டது. ஓருயிரைக் காத்தற்கு ஏறக்குறைய 5,000 டாலர் வேண்டுமென்பது கிவ்வெல் நிலையத்தின் மதிப்பு. அக்கணக்கின்படி அம்மாளிகையின் விலை மூவாயிரவர்க்கு மேற்பட்டோர் உயிரின் விலையாம். நிலத்தின் மதிப்பு அழியாது, விற்றுப் பொருளை மீட்கலாமென்றனர். அஃதுண்மையே, 2024-இல் அதனை விற்கவும் முன்வந்தனர். ஆயின் வாங்குமுன் வெளியார் ஒருவரேனும் அக்கணக்கைத் தணிக்கை செய்தனரா என்பதற்கு அது விடையாகாது.

இனிப் பொருள்வரவை நோக்குக. இவ்வியக்கத்தின் பெரும்பொருள் டஸ்டின் மாஸ்கோவிட்ஸ், கேரி டூனா என்னும் செல்வத் தம்பதியரிடமிருந்து வந்தது. இரண்டாம் ஊற்றாகக் கருதப்பட்டவர் சாம் பேங்க்மன்-ஃபிரைடு. 2012-இல் மக்காஸ்கில் இவரைச் சந்தித்து, ஈட்டி ஈயும் நெறியை எடுத்துரைத்தார். இவர் 2017-இல் அலமீடா என்னும் வணிக நிலையத்தை நிறுவினார்; 2018-இல் இவரோடு முரண்பட்டு அந்நிலையத்தினின்றும் பலர் விலகினர்; விலகினாருள் இயக்கத்தாரும் இருந்தனர். 2019-இல் எஃப்.டி.எக்ஸ். தோன்றிற்று. 2022 பிப்ரவரியில் இவர் பொருளால் எதிர்கால நிதியொன்று தொடங்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் எல்லாம் சரிந்தன. பிறர் வைத்த பொருளைக் கையாடினமை நாட்டப்பட்டு, 2023-இற் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2024-இல் 25 ஆண்டு சிறைத்தண்டம் பெற்றார். அவரிடம் பெற்ற ஏறக்குறைய 2 கோடி 70 இலட்சம் டாலரை இயக்கத்தின் தலைமை நிலையம் திருப்பியளிக்க நேர்ந்தது.

ஒருவன் செய்த களவிற்கு இயக்கம் எங்ஙனம் பொறுப்பாமெனின், களவு அவருடையதே. அவரை இளைஞர்க்கு எடுத்துக்காட்டாக நிறுத்தியது இயக்கத்தாருடையது. கொசுவலை பெற்ற குடில்களை எண்ணியெண்ணிப் பார்க்கும் நெறியினர், தமக்கு ஈந்தவரை எண்ணிப் பார்த்திலர். பெறுவானிடத்துக் கடுமையும், கொடுப்பானிடத்து நெகிழ்ச்சியும் காட்டும் ஆராய்ச்சி ஆராய்ச்சியாகாது, அஃது உபசாரமே.

குறைகூறுவார்க்கே 2022-இற் பரிசு வைத்தனரன்றோ எனின், வைத்தது உண்மை, பாராட்டத்தக்கதும் ஆம். ஆயின் கருத்தும், பதவியும், ஊதியமும், நட்பும் ஓரூற்றினின்றே பெருகுமிடத்து, சிறு பிழைகளைச் சுட்டுதல் எளிது. ஊற்றே கலங்கியதென்று கூறுதல் அரிது. பிறவாத தலைமுறையினரைப்பற்றிப் பல்லாயிரம் ஆண்டு முன்னோக்கிக் கணக்கிட்டவர், தம் வாயிலில் நின்ற ஓராண்டைக் காணாமைக்குக் காரணம் இதுவே.

இதுகொண்டு கொடையிற் கணக்கே கூடாதென்று மகிழ்வாரும் உளர். அவர் கூற்றும் பொருந்தாது. கண்ணீர் கண்டவிடத்து மட்டும் கைந்நீட்டுதல், காணாதவிடத்துச் சாவாரைக் கைவிடுதலாய் முடியும். இயக்கத்தாரது பிழை அளந்தமையன்று. தம்மளவில் அளவுகோலைக் கீழே வைத்தமையாம்.

ஆதலின் திருந்தும் நெறி இது. உயிர்காக்கும் பொருளும் இயக்கம் வளர்க்கும் பொருளும் தனித்தனிக் கணக்கில் நிற்றல் வேண்டும். இயக்கம் வளர்க்கும் பொருள், உறுதி பூண்ட பதினாயிரவரது சிறுகொடையால் வரல் வேண்டும். அவர் மனமுவந்து கொடாத செலவு வேண்டாச் செலவேயாம். பயனை மதிப்பிடுவார், கொடுப்பானிடமும் பெறுவானிடமும் ஊதியம் பெறாதவராதல் வேண்டும். இம்மூன்றும் அமையுமாயின் 1972-இல் எழுந்த வினா பயன்றரும். அமையாவாயின், குளக்கரையிற் கூடிநின்று கூட்டத்தைப் பெருக்குவாரன்றி, நீரில் இறங்குவார் அருகுவர்.